என்.பி.டி.இ.எல். படித்தால் எலெக்டிவ் கிரெடிட் கிடைக்குமா, யாரைக் கேட்பது?

கேட்ட தம்பி கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் வருடம். அலைட் (துணைப் பாடம்) கெமிஸ்ட்ரியில் ஒரு அரியர் நிற்கிறது, என்.பி.டி.இ.எல். (ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் ஆன்லைன் படிப்பு) ஒன்றை முடித்தால் அதைச் சரிக்கட்டிவிடலாமா, இல்லை நாமே தேர்ந்தெடுக்கும் பாடமான எலெக்டிவ்வுக்காவது எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டிருக்கிறார்.

அரியருக்கு ஆகாது. அந்தப் பேப்பரைத் திரும்ப எழுதித்தான் பாஸ் ஆகணும், அதுவரை அதன் கிரெடிட் (பட்டத்துக்குச் சேர வேண்டிய புள்ளி) உங்கள் கணக்கில் ஏறாது. எலெக்டிவ்வுக்குக் கிடைக்கும், ஆனால் சேர்வதற்கு முன்னால் துறையில் அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. 2019இல் நான் யாரையும் கேட்காமல் குவாண்டம் மெக்கானிக்ஸில் 12 வாரப் படிப்பு ஒன்றில் சேர்ந்தேன். வீட்டில் தறி ஓடும், ராத்திரி தறியை நிறுத்தின பிறகுதான் வீடியோவில் பேசுவது காதில் விழும், அப்புறம்தான் உட்கார்ந்து அசைன்மென்ட் போடுவேன். தேர்வுக்குக் கோயமுத்தூர் போக விடியக்காலையிலேயே பஸ் ஏறினேன், பாஸும் ஆனேன். சான்றிதழைக் கொண்டுபோய் நீட்டினால், எங்கள் துறைத் தலைவர் சிலபஸ் புத்தகத்தைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தார். "இது உனக்கு அஞ்சாவது செமஸ்டர்ல பேப்பராவே வருது கண்ணு, ஒரே பாடத்துக்கு ரெண்டு தடவை கிரெடிட் போட முடியாது. சேர்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்ல." அவர் சொன்னது விதிப்படி சரிதான். ஆனால் கேட்கணும் என்பதையே முதல் வருடத்தில் ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லவில்லை, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. இப்போது நானே ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன், முதல் வாரமே பிள்ளைகளிடம் இதைத்தான் பேசுகிறேன்.

12 வாரப் படிப்புக்கு 3 கிரெடிட், 8 வாரத்துக்கு 2. ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் (என்.பி.டி.இ.எல். படிப்புகளும் வரும் மத்திய அரசின் ஆன்லைன் தளம்) வழியாகப் படிக்க விடலாம் என்று யு.ஜி.சி.யின் 2021 விதி சொல்கிறது. விடலாம் என்றுதான் சொல்கிறது, தானாக ஏறிவிடாது. உங்கள் கல்லூரி தன்னாட்சி என்றால் அவர்களுடைய பாடத்திட்டக் குழு எந்தப் படிப்பை எந்தப் பேப்பருக்குப் பதிலாக ஏற்கிறது என்று முடிவு செய்யும். பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் இணைவு பெற்ற கல்லூரி என்றால் பல்கலைக்கழக விதியில் இடம் இருக்கணும், துறைத் தலைவர் மனது வைத்தாலும் அவராகச் செய்ய முடியாது. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பாதிப் பேர் பக்கத்துக் கல்லூரிப் பையனுக்குக் கொடுத்தார்கள் எனக்குக் கொடுக்கவில்லை என்று சண்டை போடுகிறார்கள்.

யாரிடம் போவது என்றால், முதலில் உங்கள் வகுப்பு டியூட்டர் (சில இடத்தில் மென்டர் என்பார்கள், கிளாஸ் இன்சார்ஜ் என்பார்கள்). வெறுங்கையோடு போகாதீர்கள். அவருக்கு அறுபது பிள்ளைகள் இருப்பார்கள், "எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலைங்க சார்" என்று நின்றால் அப்புறம் வா என்றுதான் பதில் வரும். ஒரு தாளில் செமஸ்டர் வாரியாக எழுதுங்கள்: பார்ட் ஒன்று தமிழ், இரண்டு ஆங்கிலம், கோர், அலைட், எலெக்டிவ், லேப், என்.எஸ்.எஸ். மாதிரியான பார்ட் ஐந்து. மொத்தக் கிரெடிட் நம் பக்கம் பெரும்பாலும் 140 வரும். எழுதும்போது ஒன்று கவனியுங்கள், நிறையக் கல்லூரிகளில் லேப் தேர்வு வருடக் கடைசியில்தான், அதனால் முதல், மூன்றாம் செமஸ்டரில் லேபுக்கு நேராகக் கோடு போட்டிருக்கும். ஸ்பெக்ட்ரோமீட்டர் முன்னால் கண் வலிக்க வெர்னியர் பார்த்த மணிக்கெல்லாம் கிரெடிட் இல்லையா என்று என் மாணவி ஒருத்தி கலங்கிப் போய் வந்தாள். இருக்கிறது, அது நான்காம் செமஸ்டரில் சேர்ந்து வரும், ரெக்கார்டில் கையெழுத்து மட்டும் விடுபடக் கூடாது.

அந்தத் தாளையும் நீங்கள் படிக்க நினைக்கும் படிப்பின் வாரவாரிப் பாடப்பட்டியலையும் வைத்துக்கொண்டு, இது என் கோர் பேப்பரோடு இடிக்கிறதா, எந்த எலெக்டிவ்வுக்குப் பதிலாக எடுப்பீர்கள் என்று கேளுங்கள். சரி என்றால் ஒரு விண்ணப்பம் எழுதிக் கையெழுத்து வாங்கி நகல் வைத்துக்கொள்ளுங்கள், டியூட்டர் அடுத்த வருடம் மாறிவிடலாம். எம்.எஸ்சி. எண்ணம் இருந்தால் இன்னொன்றும் கேளுங்கள்: சில இடங்களில் கணிதம் இத்தனை செமஸ்டர் படித்திருக்கணும் என்று வைத்திருப்பார்கள். உங்களுக்கு அலைட் கணிதம் முதல் வருடத்தோடு முடிந்திருந்தால் எலெக்டிவ்வைக் கணித முறைகள் பக்கம் எடுப்பது நல்லது.

கெமிஸ்ட்ரி அரியரை இந்த நவம்பரிலேயே எழுதிவிடுங்கள் தம்பி. மூன்றாம் வருடம் புராஜெக்டும் வந்துவிட்டால் அதற்கு உட்கார நேரமே கிடைக்காது.