முதலில் ஃபோர்க்கைப் பாருங்கள், பை அப்புறம்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் நெடுந்தூர சைக்கிள் பயணம் பற்றி எழுதும்போது, "சுமை முழுவதையும் பின்னால் ஏற்றாதீர்கள், மூன்றில் ஒரு பங்கையாவது முன்னால் கொண்டுவாருங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கேள்விகள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு மீதியை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (திருச்சி): பின் கேரியரில் இரண்டு பக்கமும் பெரிய பைகள், மேலே கூடாரம், எல்லாம் சேர்த்து 20 கிலோ இருக்கும். கொல்லிமலை ஏறும்போது முன்சக்கரம் ஒரு கோட்டில் போகாமல் அலைகிறது. மேம்பாலம் இறங்கினால் ஹேண்டில்பார் கிடுகிடுவென்று நடுங்குகிறது. முன்னால் மாட்ட நல்ல பையாக ஒன்று சொல்லுங்கள் சார்.

பதில்: பையைச் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எல்லாரும் பையில்தான் ஆரம்பிக்கிறோம், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பை பார்க்க அழகாக இருக்கிறது, வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அதை மாட்ட கேரியர் இல்லை என்று தெரிகிறது, கேரியர் வாங்கிய பிறகுதான் அதை முடுக்க ஃபோர்க்கில் (முன்சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் கவையில்) ஓட்டையே இல்லை என்று தெரிகிறது. நேர் எதிராகப் போங்கள். ஃபோர்க் என்ன சொல்கிறதோ அதற்கேற்ற கேரியர், கேரியருக்கேற்ற பை.

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து ஃபோர்க்கைப் பாருங்கள். அச்சுக்குப் பக்கத்தில், இரண்டு பக்கமும், மரை போட்ட சின்ன ஓட்டை இருக்கிறதா? அது மட்டும்தான் இருக்கிறது என்றால் பெரும்பாலும் மட்கார்டுக்காக விட்டது. ஃபோர்க்கின் நடுவிலும் பக்கத்துக்கு ஒன்று இருந்தால் உங்களுக்கு யோகம், 'லோ ரைடர்' என்கிற தாழ்வான முன் கேரியர் அப்படியே உட்காரும். மூன்று ஓட்டைகள் வரிசையாக இருந்தால் அது கூண்டு மாட்டுவதற்கு. பெரிய தண்ணீர் பாட்டிலோ சுருட்டிய தூங்குபையோ அதில் வைத்து வார் போட்டுக் கட்டலாம், பக்கத்துக்கு 3 கிலோவுக்கு மேல் வேண்டாம். ஓட்டையே இல்லாத ஃபோர்க் என்றால் என்ன செய்வது என்று கீழே வேறொரு வாசகருக்குச் சொல்லியிருக்கிறேன், பாருங்கள்.

ஏன் தாழ்வாக? கடைத்தெருவிலிருந்து கட்டைப்பையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வந்திருப்பீர்கள். நேராகப் போகும்போது ஒன்றும் தெரியாது. மெதுவாகத் திரும்புகிற இடத்தில் பை தன் பக்கம் இழுக்கும், கை அதைத் திருப்பி இழுக்கும், சைக்கிள் குடித்தவன் மாதிரி ஆடும். கனம் உயரத்தில் இருக்கிறது, திருப்புகிற அச்சிலிருந்து தள்ளித் தொங்குகிறது, போதாததற்கு ஊசலாடவும் செய்கிறது. அதே கனத்தை இரண்டாகப் பிரித்து, சக்கரத்தின் இரு பக்கமும், பையின் நடுப்பகுதி ஏறக்குறைய சக்கர அச்சின் உயரத்துக்கு வருகிற மாதிரி இறுக்கமாக மாட்டிப் பாருங்கள். ஹேண்டில்பார் கொஞ்சம் மந்தமாகத் திரும்பும், அவ்வளவுதான். அந்த மந்தம் இறக்கத்தில் வரம். நம் ஊர்ப் பால்காரர் கேன்களை எங்கே தொங்கவிடுகிறார்? சீட்டுக்கு மேலேயா கட்டுகிறார்? பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும், முடிந்தவரை கீழே. அவருக்கு யாரும் இயற்பியல் வகுப்பு எடுக்கவில்லை.

உங்கள் அலைச்சலுக்குக் காரணம் தெளிவாகவே இருக்கிறது. சும்மா ஓட்டும்போதே ஆளின் எடையில் பாதிக்கு மேல் பின்சக்கரத்தில் விழுகிறது. அதன் மேல் 20 கிலோ, அதிலும் பாதி பின்னச்சுக்கும் பின்னால் தொங்கினால், ஏற்றத்தில் முன்சக்கரத்துக்குத் தரையைப் பிடிக்கக் கனமே மிஞ்சாது. நான் 18 கிலோ கொண்டுபோனால் முன்பைகளில் 7, ஹேண்டில்பார் பையில் 2, மீதி பின்னால். உங்கள் சைக்கிளுக்கு ஒரு கிலோ இப்படி அப்படி ஆகலாம், ஏற்றிவிட்டு ஊரைச் சுற்றி ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இடது வலது மட்டும் சமமாக இருக்கட்டும்.

ஆனால் நடுக்கம் இருக்கிறதே, அதற்கு முன்பை மட்டும் மருந்தல்ல. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், ஹேண்டில்பார் தண்டு இறங்குகிற இடத்தில் 'டக் டக்' என்றால் பேரிங் தளர்ந்திருக்கிறது. அப்புறம் சுமையோடு சீட்டைப் பிடித்து இடமும் வலமும் உலுக்குங்கள். சைக்கிள் ஒரு பக்கம், கேரியர் ஒரு பக்கம் என்று ஆடினால் குற்றவாளி அதுதான். ஓடும்போது நடுங்க ஆரம்பித்தால் பதறி முன் பிரேக்கை அழுத்தாதீர்கள். இரண்டு முழங்காலாலும் மேல் குழாயை இறுக்கிப் பிடித்து, சீட்டிலிருந்து லேசாக எழுந்து, பின் பிரேக்கை மெல்லப் பிடியுங்கள். அடங்கிவிடும்.

கேள்வி (நாகர்கோவில்): ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் முன்பையோடு ஓட்ட முடியுமா?

பதில்: ஆனியிலா, தையிலா என்று சொல்லவில்லையே. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை என்றால், முப்பந்தல் காற்றாலைகளைச் சும்மா அங்கே நடவில்லை என்பது உங்களுக்கே தெரியும். திருநெல்வேலியிலிருந்து வரும்போது காற்று எதிரிலும் பக்கத்திலுமாக மாறிமாறி அடிக்கும். அதைவிட மோசம் லாரி. ஒரு லாரி உங்களைத் தாண்டும்போது அதன் மறைவில் இரண்டு விநாடி காற்றே இருக்காது, காற்றுக்கு எதிராகச் சாய்ந்து ஓட்டிக்கொண்டிருந்த நீங்கள் அந்தப் பக்கமே சாய்வீர்கள், லாரி போனதும் 'பளார்' என்று ஓர் அறை. நான் அங்கே நாலு கிலோமீட்டர் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

காற்றில் முதல் எதிரி ஹேண்டில்பாரில் மாட்டுகிற பெரிய பெட்டிப்பை. பாய்மரம் மாதிரி உயரத்தில் நின்று, ஒவ்வொரு வீச்சையும் நேரே உங்கள் கைக்கு அனுப்பும். தாழ்வான முன்பைகளும் காற்றை வாங்கத்தான் செய்யும், ஆனால் பாதிதான் நிரம்பிய பையை வாய்ப்பக்கம் நன்றாகச் சுருட்டி இறுக்கினால் பரப்பும் குறையும், படபடப்பும் நிற்கும். அந்த ஒரு நாளைக்குப் பெட்டிப்பையைக் கழற்றிப் பின் கேரியர் மேல் கட்டுங்கள். விடியற்காலையில் கணவாயைத் தாண்டிவிடுங்கள்.

கேள்வி (நாமக்கல்): வெளிநாட்டுப் பை ஒரு ஜோடி விலையில் எங்கள் ஊரில் பழைய சைக்கிளே இரண்டு வாங்கலாம். இங்கே லாரித் தார்ப்பாய் தைக்கிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். தைத்துக்கொண்டால் என்ன?

பதில்: இந்த வாரத்தின் மிகச் சிறந்த கேள்வி இதுதான். தைத்துக்கொள்ளுங்கள்! நீங்கள் 'வெளிநாட்டுப் பை' என்கிற அந்த வகையே லாரித் தார்ப்பாயில்தான் பிறந்தது. ஜெர்மனியில் ஹார்ட்முட் ஆர்ட்லீப் என்ற இளைஞர், மழையில் நனைந்துகொண்டே சைக்கிள் பயணம் போனவர், லாரிகளில் தார்ப்பாய்க்கு அடியில் சரக்கு நனையாமல் போவதைக் கவனித்துவிட்டு அதே துணியில் தனக்குப் பை செய்துகொண்டார். 1982-இல் அது கம்பெனியானது. நாமக்கல்லில் இருந்துகொண்டு தார்ப்பாய்ப் பைக்கு இன்னொருவரிடம் அனுமதி கேட்கலாமா?

முன்பைக்கு உயரம் 30, அகலம் 25, தடிமன் 16 செ.மீ. வைத்தால் 12 லிட்டர் கொள்ளும், கடையில் கிடைக்கிற முன்பைகளும் ஏறக்குறைய அந்த அளவுதான். வாய்ப்பக்கம் கூடுதலாக ஒரு சாண் துணி விடச் சொல்லுங்கள், மூன்று சுற்று சுருட்டிக் கொக்கி போட அது வேண்டும். ஜிப் வேண்டாம், தூசியும் தண்ணீரும் அதன் வழியாகத்தான் வரும், முதலில் கெடுவதும் அதுதான். கம்பெனிப் பைகளின் ஓரங்களைச் சூடாக்கி ஒட்டியிருப்பார்கள், தையல் இருக்காது. உங்கள் பையில் ஊசி போன ஒவ்வோர் ஓட்டையிலும் தண்ணீர் கசியும், ஆகவே உள்ளே உரச்சாக்கின் உட்பை மாதிரி தடித்த பிளாஸ்டிக் பை ஒன்றைப் போட்டுவிடுங்கள், கவலை தீர்ந்தது.

துணியைவிட முதுகில்தான் விஷயம் இருக்கிறது. சக்கரத்தைப் பார்க்கிற பக்கத்தில் கெட்டியான பிளாஸ்டிக் தகடு வைத்துத் தைக்க வேண்டும், இல்லையென்றால் பை தொளதொளவென்று உள்வாங்கிச் சக்கரத்தின் ஆரக்கம்பியில் சிக்கும். முன்சக்கரம் அப்படிச் சிக்கி நின்றால் நீங்கள் ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பீர்கள். பின்பை கழன்றால் சத்தம், முன்பை கழன்றால் ஆஸ்பத்திரி. மேலே இரண்டு கொக்கி போதாது, கீழே மூன்றாவதாக ஒன்று, பையைக் கேரியர் கம்பியோடு சேர்த்துப் பிடிக்க. மேல் கொக்கிகளும் வேகத்தடையில் துள்ளினால் எழும்பாதபடி அடியில் பூட்டுகிற மாதிரி இருக்கட்டும். பூட்டு இல்லையென்றால் பழைய ட்யூபை நீளமாகக் கிழித்து இழுத்துக் கட்டுங்கள். கொக்கி உட்காரும் கம்பியில் அதே ட்யூபை ஒரு சுற்று சுற்றினால் கடகட சத்தமும் போகும்.

தைக்கவே வேண்டாம் என்றால் பத்து லிட்டர் பெயிண்ட் வாளி இரண்டு, மூடியோடு. நிறையப் பேர் செய்கிறார்கள். தண்ணீர் புகாது, உட்கார ஸ்டூலும் ஆயிற்று.

கேள்வி (பாண்டிச்சேரி): முன் கேரியர் அலுமினியமா, இரும்பா?

பதில்: இரும்பு. அதாவது எஃகுக் குழாய். டூபஸ் போன்ற ஜெர்மன் கம்பெனிகள்கூட இன்றும் குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த) எஃகுக் குழாயில் கேரியர் செய்கின்றன. அலுமினியம் கொஞ்சம் லேசு, ஆனால் ஒடிந்தால் வழியில் ஒட்டித்தர ஆள் கிடைப்பது அரிது. எஃகை எந்த கேட் பட்டறையிலும் நிறுத்திப் பற்றவைக்கலாம், குழாய் மெல்லியது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கேட்டுக்கு வைக்கிற கரண்ட்டை இதற்கு வைத்தால் ஓட்டை விழும்.

கம்பி ஒடிவதைவிட போல்ட் கழல்வதுதான் அடிக்கடி நடக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தரங்கம்பாடி தாண்டி ஒரு வேகத்தடை, வெள்ளைக்கோடு அழிந்துபோயிருந்தது, வேகமாகவே ஏறி இறங்கிவிட்டேன். கொஞ்ச தூரத்தில் 'சிர் சிர்' என்று உரசல். இறங்கிப் பார்த்தால் இடதுபக்கக் கீழ் போல்ட்டைக் காணோம், கேரியரின் கால் ஆரக்கம்பியிலிருந்து ஒரு விரல் தூரத்தில் நிற்கிறது. கால் மணி நேரம் ரோட்டில் குனிந்து தேடினேன். அப்புறம்தான் புத்தி வந்தது, பாட்டில் கூண்டைப் பிடித்திருப்பதும் அதே எம்5 போல்ட்தானே! அதில் ஒன்றைக் கழற்றி இங்கே முடுக்கி, கூண்டைக் கயிற்றால் கட்டிக்கொண்டு நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தேன். இப்போதெல்லாம் நாலு உதிரி போல்ட், ஒரு 4 மி.மீ. எல்-சாவி இல்லாமல் கிளம்புவதில்லை. மரையில் நீலநிறப் பூட்டுப்பசை ஒரு சொட்டு விட்டு முடுக்குங்கள். டிஸ்க் பிரேக் உள்ள பக்கத்தில் போல்ட் நுனி உள்ளே நீண்டு தட்டில் உரசாமலும் பாருங்கள்.

கேள்வி (கோவை): என் உயரம் 152 செ.மீ., சின்ன ஃபிரேம், கார்பன் ஃபோர்க், அதில் ஓட்டை ஏதும் இல்லை. ஹேண்டில்பாரில் சுருட்டிக் கட்டும் பை வாங்கினேன். குழியில் இறங்கினால் டயரில் உரசுகிறது. கேரியரைக் கிளிப் போட்டு ஃபோர்க்கில் இறுக்கலாமா அண்ணா?

பதில்: கார்பன் ஃபோர்க்கில் கிளிப் வேண்டவே வேண்டாம். கார்பன் குழாயை இறுக்கிப் பிடித்து அதில் கனத்தைத் தொங்கவிட்டால், உள்ளே விரிசல் விடுவது வெளியே தெரியாது. உடையும்போது ஒரேயடியாக உடையும். இரும்பு ஃபோர்க்காக இருந்தால் ரப்பர் வைத்த கிளிப்பைத் தாராளமாகப் போடச் சொல்லியிருப்பேன். (சஸ்பென்ஷன் ஃபோர்க் வைத்திருப்பவர்கள் பலர் கேட்டிருந்தார்கள்: அச்சிலேயே மாட்டுகிற கேரியர்கள் வருகின்றன, அவற்றைத் தேடுங்கள். ஒரு காலை அசைகிற பகுதியிலும் இன்னொன்றை அசையாத பகுதியிலும் முடுக்கிவிடாதீர்கள்.)

உங்களுக்கு இரண்டே வழி. ஒன்று, எஃகு ஃபோர்க்குக்கு மாறுவது, செலவு பிடிக்கும். இன்னொன்று, அந்தப் பையின் சுற்றளவைக் குறைத்து அகலத்தைக் கூட்டுவது. தூங்குபை ஒன்றை மட்டும் வைத்து ஒல்லியாகச் சுருட்டிக் கட்டுங்கள், சமையல் சாமானைப் பின்னால் அனுப்புங்கள். பைக்கும் டயருக்கும் நடுவே நாலு விரல் போக வேண்டும். பிரேக் கேபிளைப் பை மடக்கியிருக்கிறதா, விளக்கை மறைக்கிறதா என்றும் பாருங்கள், விளக்கு மறைந்தது இருட்டிய பிறகுதான் தெரியும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): என்னிடம் இருப்பது பழைய துவிச்சக்கர வண்டிதான். முன்னுக்குக் கூடை பூட்டியிருக்கிறது. ஏ9 வீதியால் வவுனியா வரை போக அது காணுமா?

பதில்: காணும். கூடையின் அடியிலிருந்து இரண்டு கம்பிகள் இறங்கி முன்னச்சில் முடுக்கியிருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் நாலைந்து கிலோ தாராளமாக ஏற்றலாம். ஹேண்டில்பாரில் மட்டும் தொங்குகிற கூடை என்றால் மழைச்சட்டையும் பாணும் (ரொட்டியும்) வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். ஆனையிறவில் காற்று அடிக்கும், கூடைக்கு மேல் வலை கட்டுங்கள்.

கேள்வி (மதுரை): இரண்டு நாள் பயணம், லாட்ஜில்தான் தங்குவேன். முன்பை அவசியமா?

பதில்: இல்லை. பணத்தை மிச்சம் பிடித்து நல்ல டயர் வாங்குங்கள்.

கேள்வி (சேலம்): முன்பைகளில் எதை வைப்பது, பின்பைகளில் எதை வைப்பது?

பதில்: சின்னதாக இருந்து கனமாக இருப்பதெல்லாம் முன்னால்: கருவிகள், உதிரி ட்யூப், அடுப்பு, அரிசி பருப்பு. பெரிதாக இருந்து லேசாக இருப்பது பின்னால்: துணி, தூங்குபை. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ என்பதை மறந்துவிடுகிறோம், காலையில் சரிபார்த்த சமநிலை மத்தியானம் ஒரு பக்கப் பாட்டில் காலியானதும் போய்விடும், அதனால் இரு பக்கமும் மாறிமாறிக் குடியுங்கள். பணமும் போனும் ஹேண்டில்பார் பையில், டீக்கடையில் இறங்கினால் கையோடு கழற்றிக்கொண்டு போக. வாழைப்பழம் எந்தப் பையிலும் வேண்டாம். வாங்கிய இடத்திலேயே சாப்பிட்டுவிடுங்கள்.