கம்ப்ரஸர் மேடைக்கு எபாக்சி கிரௌட் சரி, துருப்பிடித்த தூணுக்கு வேண்டாம்

கேள்வி: எங்கள் பட்டறையில் கம்ப்ரஸர் நிற்கும் கான்கிரீட் மேடையில், பேஸ் பிளேட்டுக்கு (இயந்திரத்தின் அடித்தகடு) அடியில் இடைவெளியை நிரப்பப் போட்டிருந்த சிமென்ட் கிரௌட் நொறுங்கி வெளியே வருகிறது. கம்ப்ரஸரை மேடையோடு பிடித்திருக்கும் ஆங்கர் போல்ட்டை எத்தனை முறை இறுக்கினாலும் மறுபடி தளர்ந்துவிடுகிறது. அதே கட்டடத்தில் ஒரு பீமில் மெல்லிய விரிசல் இருக்கிறது. ஒரு தூணின் அடிப்பக்கம் கான்கிரீட் உப்பிப் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி தெரிகிறது. மூன்றுக்கும் எபாக்சி கிரௌட் போட்டுவிடலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். செய்யலாமா?

பதில்: கம்ப்ரஸர் மேடைக்குத் தாராளமாகச் செய்யலாம். பீமுக்கு எபாக்சி பொருந்தலாம், ஆனால் கிரௌட்டாக இல்லை. தூணுக்கு வேண்டவே வேண்டாம். மூன்று இடத்திலும் கான்கிரீட் கெட்டதற்கான காரணம் வேறு வேறு. காரணத்தைப் பார்க்காமல் பொருளின் பலத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் பணமும் போகும், பழுதும் திரும்ப வரும்.

எபாக்சி கிரௌட் என்பது ரெசின், அதை இறுக வைக்கும் ஹார்டனர், சலித்து உலர்த்திய குவார்ட்ஸ் மணல் மூன்றும் சேர்ந்தது. இது தண்ணீர் வற்றி இறுகுவதில்லை. ரெசினும் ஹார்டனரும் வேதிவினை புரிந்து கெட்டியாகின்றன. அதனால் சுருக்கம் மிகக் குறைவு, எண்ணெயும் பெரும்பாலான ரசாயனங்களும் இதை அரிப்பதில்லை. அமுக்க வலிமை பல தயாரிப்புகளில் 80 மெகாபாஸ்கலுக்கும் மேல் வரும். சுத்தமான, உலர்ந்த கான்கிரீட்டில் ஒட்டினால், இழுத்துப் பார்க்கும்போது ஒட்டு விடாது. பழைய கான்கிரீட்தான் பிய்ந்து வரும். இடைவிடாமல் அதிரும் இயந்திரத்துக்கு அடியில் இந்தக் குணங்கள்தான் தேவை. சிமென்ட் கிரௌட் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் ஓயாத அதிர்வும் கசியும் எண்ணெயும் சேர்ந்தால் ஓரத்திலிருந்து நொறுங்கத் தொடங்கும். உங்கள் மேடையிலும் அதுதான் நடந்திருக்க வேண்டும்.

ஆனால் உங்கள் மேடையில் கிரௌட்டைவிட நான் அதிகம் கவலைப்படுவது அடியில் இருக்கும் கான்கிரீட்டைப் பற்றித்தான். கம்ப்ரஸர் எண்ணெய் காலப்போக்கில் கான்கிரீட்டுக்குள் இறங்கியிருக்கும். எண்ணெய் ஊறிய பரப்பில் எபாக்சி சரியாகப் பிடிக்காது. மேலே சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது போதாது. எண்ணெய் இல்லாத கான்கிரீட் வரும்வரை கொத்தி எடுக்க வேண்டும். கொத்திய இடத்தில் சில சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உருண்டு முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, உள்ளே இழுத்துக்கொண்டால் சரி. மேலே உள்ள சிமென்ட் பால் படலம் முழுவதும் போய், உடைந்த ஜல்லியின் முகம் தெரிய வேண்டும். பெரிய பிரேக்கரை வைத்து அடிக்காதீர்கள், அடியில் மயிரிழை விரிசல் விழுந்துவிடும். சின்ன சிப்பிங் சுத்தியல் போதும். மேடையின் ஓரங்களைச் சாய்வாகச் செதுக்கி விடுங்கள். கூரான மூலைகளில்தான் முதல் விரிசல் பிறக்கிறது.

அடுத்தது ஈரம். 45 செ.மீ. சதுரமான பிளாஸ்டிக் தாளைக் கான்கிரீட்டின் மேல் விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டு எடுங்கள். தாளின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ, கான்கிரீட் கறுத்திருந்தாலோ இன்னும் காயவில்லை. சிமென்ட் கிரௌட்டுக்கு முன்னால் பரப்பை நனைத்துப் பழகிய கொத்தனார்கள் எபாக்சிக்கும் பழக்கதோஷத்தில் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். அருகிலேயே நின்று தடுத்துவிடுங்கள்.

பேஸ் பிளேட்டின் அடிப்பக்கத்திலும் துரு, உதிரும் பெயின்ட், எண்ணெய் எதுவும் இருக்கக்கூடாது. ஆங்கர் போல்ட்டின் மேல்பகுதியை நுரை டேப்பால் சுற்றி விடுங்கள். போல்ட் முழு நீளமும் கிரௌட்டோடு ஒட்டிக்கொண்டால், இறுக்கும்போது நீள இடமில்லாமல் போய் மறுபடி தளரும். உங்கள் போல்ட் தளர்வதற்கு நொறுங்கிய கிரௌட் ஒரு காரணம், இதுவும் இன்னொன்றாக இருக்கலாம். மட்டம் சரிசெய்யும் லெவலிங் ஸ்க்ரூவுக்கும், கிரௌட் வழியாமல் சுற்றி நிறுத்தும் அடைப்புப் பலகைக்கும் மெழுகு பூசாவிட்டால் பிறகு கழற்றவே முடியாது. பலகை இடுக்குகளையும் நன்றாக அடைத்து விடுங்கள், எபாக்சி தண்ணீரைவிடச் சின்ன வழியையும் கண்டுபிடித்துவிடும்.

கலக்கும்போது டப்பாவைப் பாதியாகப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். ரெசினுக்கும் ஹார்டனருக்கும் உள்ள விகிதம் வேதிவினைக்காகக் கணக்கிட்டது. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கொஞ்சம் கூட்டினால் பலம் கூடாது. வினையில் சேராமல் மிஞ்சியது உள்ளேயே தங்கி, கிரௌட் மெத்தென்று நின்றுவிடும். இரண்டையும் மெதுவாகச் சுழலும் கலக்கியால் நிறம் சீராகும்வரை கலந்து, அப்புறம் மணலைச் சேருங்கள். வேகமாகச் சுழற்றினால் காற்று ஏறும், அந்தக் குமிழிகள் பேஸ் பிளேட்டுக்கு அடியில் போய் வெற்றிடமாக நிற்கும். ஊற்றுவதும் ஒரே பக்கத்திலிருந்துதான். எதிர்ப்பக்கம் வழிந்து வரும்வரை நிறுத்தாமல் ஊற்றினால் காற்று முன்னால் தள்ளப்பட்டு வெளியேறும். இரண்டு பக்கமும் ஆள் நின்று ஊற்றினால் நடுவில் காற்று சிறைப்படும்.

வெப்பத்தை மறக்காதீர்கள். வினையே வெப்பம் உண்டாக்குவது, அதனால் தடிமனாக ஒரே மூச்சில் ஊற்றினால் உள்ளே சூடேறி, ஆறும்போது விரிசல் விடும். ஒரு முறைக்கு எவ்வளவு தடிமன் என்பது தயாரிப்பாளரின் தாளில் இருக்கும், அதை மீறாதீர்கள். சுற்றுப்புறம் 10 டிகிரி கூடினால் கலவை கையில் நிற்கும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிப்பது நல்லது. எபாக்சி கிரௌட் வெப்பத்தில் கான்கிரீட்டைப் போல 2 மடங்குக்கும் மேல் விரியும். நீளமான மேடையாக இருந்தால் சுமார் 1 மீட்டருக்கு ஒரு விரிவு இணைப்பு (விரிவதற்கான இடைவெளி) வைக்காமல் விட்டால் குறுக்கே விரிசல் வரும், அல்லது ஓரம் தூக்கும்.

சரி, பீமுக்கு வருவோம். மணல் கலந்த கிரௌட் மெல்லிய விரிசலுக்குள் நுழையவே நுழையாது. அங்கே தேவைப்படுவது நீர் போல ஓடும் எபாக்சி ரெசினை அழுத்தத்தோடு செலுத்துவது. 0.05 மி.மீ. அகல விரிசலைக்கூட இந்த முறையில் ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் விரிசல் இன்னும் அசைகிறதா என்று முதலில் பாருங்கள். குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரு பக்கமும் ஒட்டி, சில வாரங்கள் விட்டுவிடுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் உயிரோடு இருக்கிறது. அதை எபாக்சியால் ஒட்டினால் பழைய இடம் கெட்டியாகி, பக்கத்தில் புதிதாகப் பிளக்கும். தண்ணீர் கசியும் விரிசலாக இருந்தால் அதற்குள் செலுத்த வேண்டியது எபாக்சி அல்ல, பாலியூரித்தேன். தூணை ஒட்டிய பகுதியில் சாய்வாக ஓடும் விரிசலாக இருந்தால் ஒட்டும் பேச்சையே விட்டுவிட்டு, உடனே கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அது பெரும்பாலும் சுமை தாங்கமுடியாததன் அடையாளம்.

தூண் விஷயத்தில் நான் பிடிவாதமாகவே சொல்வேன். கம்பி துருப்பிடிக்காமல் இருப்பது சிமென்ட்டின் காரத்தன்மையால்தான். நல்ல கான்கிரீட்டின் பிஎச் (காரத்தன்மையைக் காட்டும் அளவு) 12.5-க்கு மேல் இருக்கும், அந்தச் சூழலில் கம்பியின் மேல் ஒரு காப்புப் படலம் உருவாகிறது. எபாக்சிக்கு அந்தக் காரத்தன்மை கிடையாது. துரு மிச்சமிருக்கும் கம்பியின் மேல் எபாக்சியைப் பூசி மூடினால், வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே துரு வளர்ந்துகொண்டே போகும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் மறுபடி உப்பும். தீ விபத்து என்று வந்தால் இன்னும் மோசம். சாதாரண வெப்பநிலையில் இறுகிய எபாக்சிகளில் பெரும்பாலானவை 50, 60 டிகிரியைத் தாண்டினாலே இளகத் தொடங்கும். சுமை தாங்கும் தூணில் அப்படி ஒரு பகுதி இருக்கக்கூடாது.

அங்கே செய்ய வேண்டியது: பொறியாளர் சொல்லும் விதத்தில் முதலில் முட்டுக் கொடுத்துச் சுமையை இறக்குங்கள். கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி, துருவை இரும்பு பளிச்சிடும்வரை எடுத்து, மெலிந்த கம்பிக்குத் துணைக்கம்பி சேர்த்து, துத்தநாகம் கலந்த காப்புப் பூச்சு அடித்து, மைக்ரோ கான்கிரீட்டால் (சிறு ஜல்லி சேர்ந்த, வழிந்து நிரம்பும் சிமென்ட் கலவை) நிரப்புங்கள். ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்பதையும் அப்போதே கண்டுபிடித்து அடைக்க வேண்டும்.

கடைசியாக, வேலையாட்கள். இறுகாத ரெசினும் ஹார்டனரும் தோலில் தொடர்ந்து பட்டால் ஒவ்வாமை வரும். ஒரு முறை வந்துவிட்டால் பிறகு எபாக்சி பக்கமே போகமுடியாத நிலை உண்டாகலாம். நைட்ரைல் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். கையில் பட்டதைத் தின்னர் விட்டுத் துடைக்கக்கூடாது, அது ரெசினைத் தோலுக்குள் இன்னும் இறக்கும். சோப்பும் தண்ணீரும் போதும். மிஞ்சிய கலவையை வாளியிலேயே குவித்து வைக்காமல் மணலில் மெல்லியதாகப் பரப்பிவிடுங்கள், குவிந்து கிடந்தால் சூடேறிப் புகையும். தயாரிப்பாளர் சொல்லும் நேரம் முழுவதும் முடியும் முன் போல்ட்டை இறுக்கவோ கம்ப்ரஸரை ஓட்டவோ வேண்டாம்.