பொறியியல் கலந்தாய்வு: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கேள்வி: அக்கா, கணக்கில் 88, இயற்பியல் 84, வேதியியல் 90. கட்-ஆஃப் எவ்வளவு வரும்?

175 தம்பி. கணக்கு மதிப்பெண் அப்படியே வரும், மற்ற இரண்டும் பாதியாகும், அதாவது 88, 42, 45, மொத்தம் 200க்கு. ஆனால் அந்த எண்ணோடு நிற்காதே. தரவரிசைப் பட்டியல் வந்ததும் உன் சமூகப் பிரிவில் எத்தனையாவது இடம் என்று பார்த்து, போன வருடம் அந்த இடத்தில் இருந்தவர்களுக்கு எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு கிடைத்தது என்று ஒப்பிட்டுப் பார்.

கேள்வி: விருப்பப் பட்டியலில் கிடைக்கக்கூடிய கல்லூரியைத்தான் முதலில் போட வேண்டும் என்கிறார்களே?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, உங்கள் முறை வரும்போது எது காலியாக இருக்கிறதோ அதைத் தருகிறார்கள். அதனால் கிடைக்காத கல்லூரியை மேலே போட்டால் நட்டம் ஒன்றும் இல்லை, அடுத்ததற்குப் போய்விடும். ஆனால் சுமாரான கல்லூரியை முதலில் போட்டால், அதற்குக் கீழே நல்ல இடம் காலியாக இருந்தாலும் சுமாரானதுதான் கையில் வரும். இன்னொன்று, இலவசமாக விருப்பப் பட்டியல் போட்டுத் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் பாஸ்வேர்டும் ஓடிபியும் கொடுத்துவிடாதீர்கள். அவர்கள் கல்லூரிதான் முதலில் வரும். நீங்களே உட்கார்ந்து போடுங்கள், நீங்களே லாக் செய்யுங்கள்.

கேள்வி: மகளுக்கு 160 கட்-ஆஃப். ஒரு கல்லூரியில் இப்போதே ஐம்பதாயிரம் கட்டினால் மேனேஜ்மென்ட் சீட் உறுதி என்கிறார்கள். கட்டிவிடட்டுமா?

வேண்டாம் சார், பொறுங்கள். அதே கல்லூரியே கலந்தாய்வில் குறைந்த கட்டணத்தில் கிடைக்கலாம். உங்கள் வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி என்றால் அந்தக் கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் மட்டும்தான், மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கிடையாது. அப்புறம், அசல் சான்றிதழ்களை எந்தக் கல்லூரியும் பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது என்பது ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) விதி. கேட்டால் நகலைக் கொடுங்கள்.

கேள்வி: ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தால் பொதுப் பிரிவில் வாய்ப்பு போய்விடுமா அக்கா?

போகாது கண்ணு, இரண்டிலும் உன்னைக் கணக்கில் எடுப்பார்கள். 7.5 ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும், அதனால் கட்டணத்தைப் பார்த்துப் பயந்து நல்ல கல்லூரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதே. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும், அதற்குத் தனியாக விண்ணப்பி.

கேள்வி: பெயரே கேள்விப்படாத கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸா, அரசுக் கல்லூரியில் மெக்கானிக்கலா?

நான் அரசுக் கல்லூரி என்றுதான் சொல்வேன், மெக்கானிக்கல் உனக்கு வெறுப்பாக இல்லை என்றால். கோடிங் வெளியேயும் கற்றுக்கொள்ளலாம், நல்ல ஆசிரியர்களும் ஆய்வகமும் கூடப் படிக்கிறவர்களும் அப்படிக் கிடைக்க மாட்டார்கள்.

கேள்வி: வந்த இடத்தை ஏற்றுக்கொண்டு பட்டியலில் அதற்கு மேலே உள்ளதற்கும் காத்திருக்கலாமா?

தாராளமாக. ஆனால் சொன்ன தேதிக்குள் பணம் கட்டிவிட வேண்டும். மேலே உள்ளது கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது.