கத்திரி வெயிலில் தோட்டத்து நாயும் வீட்டு நாயும்

கேள்வி: ராதாபுரம் வட்டாரத்தில் முருங்கை விளை வைத்திருக்கிறேன். காவலுக்கு ஒரு சிப்பிப்பாறை நாய் உண்டு; பகல் முழுவதும் பம்புசெட் அறையை ஒட்டிக் கட்டியிருப்போம். மகன் வெளியூரிலிருந்து கொண்டுவந்த லேப்ரடார் நாய் ஒன்றும், பூனை ஒன்றும், கூண்டில் இரண்டு லவ் பேர்ட்ஸும் வீட்டில் வளர்கின்றன. சென்ற சித்திரைக் கடைசியில் காலை பத்து மணியளவில் பைக்குக்குப் பின்னால் ஓடிவந்த லேப்ரடார், விளை வாசலில் தள்ளாடி விழுந்துவிட்டது. நனைத்த சாக்கைப் போர்த்தி, காய்ச்சல் மாத்திரையில் பாதியைக் கரைத்துக் கொடுத்தோம். சற்று நேரத்தில் எழுந்துகொண்டது. ஆனால் மறுநாள் இரத்தமாகக் கழிந்தது, மருத்துவரிடம் கொண்டுபோய்த்தான் பிழைக்க வைத்தோம். இந்த ஆண்டு என்ன செய்ய வேண்டும்? முடியை மழித்துவிடலாமா? நீராகாரம், மோர், இளநீர் கொடுக்கலாமா? தினமும் குளிப்பாட்டலாமா?

பதில்: அன்புடையீர், பங்குனியிலேயே இதைக் கேட்டது நல்லது. சித்திரை பிற்பகுதியில் தொடங்கி வைகாசி நடுப்பகுதி வரை நீடிக்கும் கத்திரி வெயிலுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. அவற்றுக்கு இப்போது காலம் இருக்கிறது.

நாய்க்கு நம்மைப் போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. பாதத்தின் அடிப்பகுதியில் மட்டும் சிறிது வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும்போது வாயிலும் மூச்சுப் பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாகிறதே, அதுதான் அதன் உடலைக் குளிர வைக்கும் முதன்மையான வழி. காற்றிலேயே ஈரப்பதம் மிகுந்திருந்தால் அந்த வழியும் பாதி அடைபட்டுவிடும். உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களில் வெயில் குறைவாகத் தெரிகிற புழுக்கமான நாளிலும் நாய் அதிகமாகத் தவிப்பதற்கு இதுவே காரணம். இரைத்தும் போதாதபோது அது நிழல் தேடிப் போகும், ஈர மண்ணைப் பறித்து வயிற்றை அதில் வைத்துப் படுக்கும், வாய்க்காலில் இறங்கும். தன்னைக் காத்துக்கொள்ளும் அறிவு அதற்கு இருக்கிறது. சங்கிலியாலும், தகரத்தாலும், மூடிய கதவாலும் அந்த வழிகளை அடைத்துவிடுகிறவர்கள் நாம்தான். ஆகவே, எந்த நேரத்திலும் நிழலுக்கும் காற்றுக்கும் தண்ணீருக்கும் அது தானாகவே போய்ச் சேர முடிகிறதா என்று பாருங்கள். நான் சொல்லப்போகிற மற்ற எல்லாவற்றையும்விட இதுவே முக்கியம்.

அந்த நோக்கில் பார்த்தால், விழுந்த லேப்ரடாரைவிட, விழாத சிப்பிப்பாறையைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். நாட்டு நாய் எந்த வெயிலையும் தாங்கும் என்ற எண்ணம் நம் பக்கத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மெலிந்த உடலும் குட்டை முடியும் அதற்குத் துணையாக இருப்பது உண்மைதான். ஆனால் அந்தத் துணை, இடம் மாறிப் படுக்க முடிகிற நாய்க்கு மட்டுமே பயன்படும். பம்புசெட் அறையின் நிழல் காலையில் மேற்கே விழும், பிற்பகலில் கிழக்கே விழும், உச்சியில் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். காலையில் நிழலில் கட்டப்பட்ட நாய் பன்னிரண்டு மணிக்கு முழு வெயிலில் நிற்கும். அறையின் கூரை தகரமாக இருந்தால் அதன் அடியில் ஒதுங்குவதும் உதவாது, ஏனென்றால் காய்ந்த தகரம் கீழ்நோக்கியும் அனலை வீசிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் நண்பகலில் நீங்களே அந்த இடத்தில் தரையில் கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், நிலைமை விளங்கிவிடும்.

விளையில் வேம்போ புளியோ இருந்தால் நாயை அதன் அடிக்கு மாற்றுங்கள். பனையின் நிழல் ஒடுங்கியது, விரைவில் நகர்ந்துவிடும், உடைமரத்து நிழலில் வெயில் ஒழுகும், முருங்கையும் அப்படியே. பெரிய மரம் இல்லையென்றால் பனையோலையோ தென்னங்கிடுகோ வேய்ந்து, நாலு பக்கமும் காற்றுப் புகும்படி ஒரு சாய்ப்புப் போடுங்கள். தகரக் கூரையின் மேலேயும் ஓலையைப் பரப்பிக் கயிற்றால் இறுகக் கட்டிவிட்டால் உள்ளே அனல் நன்றாகக் குறையும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற மேற்குக் காற்று உங்கள் பகுதியில் ஓலையைப் பிய்த்துக்கொண்டு போகும் என்பதால் கட்டு வலுவாக இருக்கட்டும். சங்கிலி வேண்டாம் என்பதே என் கருத்து. காவலுக்கு இரவில்தான் நாய் தேவை, அப்போது எப்படியும் அவிழ்த்துவிடுவீர்கள். பகலில் சாய்ப்பைச் சுற்றிக் கம்பி வலையால் ஒரு சிறு அடைப்புப் போட்டு அதற்குள் விட்டுவைப்பது நல்லது. கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், இரண்டு மரங்களுக்கிடையே கம்பி இழுத்து, அதில் சங்கிலியின் வளையம் ஓடும்படி செய்யுங்கள். ஒரே மரத்தில் கட்டிய சங்கிலி, நாய் சுற்றச் சுற்ற அடிமரத்தில் சுருண்டுவிடும். தண்ணீர்ச் சட்டி எட்டாத தூரத்தில் அது நாக்குத் தொங்க நிற்கும்.

தண்ணீருக்கு அகலமான மண்சட்டியைத் தரையில் பாதி புதைத்து வையுங்கள்; கவிழாது, வெயில் ஏறினாலும் தண்ணீர் சுடாது. அலுமினிய ஏனம் ஒரு மணி நேரத்தில் கொதித்துவிடும். எப்போதும் இரண்டு சட்டிகள் இருக்க வேண்டும். சாதாரண நாளில் ஒரு நாய்க்கு உடல் எடையில் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி தண்ணீர் தேவைப்படும். 30 கிலோ லேப்ரடாருக்கு அது ஒன்றரை லிட்டருக்கு மேல் வரும், கத்திரியில் அதைப்போல் இரண்டு மடங்குகூடக் குடிக்கும். உரம் கரைக்கிற, மருந்து கலக்குகிற வாளிகளைக் கழுவிக் கவிழ்த்து வைக்க மறக்காதீர்கள், ஏனென்றால் தாகத்தில் இருக்கும் நாய் எது தண்ணீர் என்று பார்க்காது. வற்றிக்கொண்டிருக்கிற குளத்தில் பச்சைப் பாசி ஏடு போலப் படர்ந்திருந்தால் அதிலும் வாய் வைக்க விடாதீர்கள். சில வகைப் பாசி கடும் நஞ்சு. சாய்ப்புக்குள் ஒரு மூலையில் மண்ணைக் கிளறிப்போட்டு, காலையும் உச்சியும் நீர் தெளித்து வைத்தால், நாய் அதைப் பறித்துக் குழியாக்கிப் படுத்துக்கொள்ளும். அதற்காக அதை அதட்ட வேண்டாம்.

லேப்ரடாருக்கு நேர்ந்தது வெப்பத் தாக்கு. அது வெயிலில் நின்றதால் மட்டும் வரவில்லை; ஓடியதால் வந்தது. ஓடும்போது தசைகள் உண்டாக்குகிற வெப்பமே உள்ளிருந்து உடலைச் சூடாக்கும். தடித்த இரட்டை முடியும், பெரும்பாலான வீட்டு லேப்ரடார்களுக்கு இருக்கிற கொழுப்பும் அதை வெளியே விடாது. அதற்கும் மேலாக, அந்த இன நாய் எஜமானன் நிற்கும் வரை தானும் நிற்காது. பைக்கோடு ஓட்டுவதை அடியோடு விட்டுவிடுங்கள். காலை ஏழு மணிக்குள் நடையை முடித்துக்கொள்ளுங்கள். மாலையில் பொழுது சாய்ந்த பிறகும் தார்ச்சாலை நெடுநேரம் சுடும். திசையன்விளைப் பக்கத்துத் தேரிச் செம்மணலில் நண்பகலில் செருப்பில்லாமல் நாமே கால் வைக்க முடியாது. புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், பொறுக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் பொறுக்காது. கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே நாயை விட்டு இறங்குவது ஐந்து நிமிட வேலைக்குக்கூட ஆகாது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் பத்து நிமிடத்திலேயே 10 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பம் கூடிவிடும்.

மறுபடியும் அப்படி நடந்தால் என்ன செய்வது என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நிறுத்தாமல் இரைப்பது, எச்சில் கோந்து போல் தடித்து ஒழுகுவது, ஈறு செங்கல் நிறத்தில் சிவப்பது, நடை தள்ளாடுவது, வாந்தி எடுப்பது ஆகியவை அறிகுறிகள். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 105 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. முதலில் குளிர வையுங்கள், பிறகு வண்டியில் ஏற்றுங்கள். இந்த வரிசை மாறினால், வள்ளியூர் போய்ச் சேருவதற்குள் உள்ளுறுப்புகள் வெந்துவிடும். நிழலுக்கு இழுத்து, கழுத்து, நெஞ்சு, வயிறு, தொடையிடுக்கு எங்கும் போர் தண்ணீரை விடாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள், ஒருவர் விசிறட்டும். இளமையும் நலமும் உள்ள நாயாக இருந்து தொட்டியும் பக்கத்தில் இருந்தால், தலையை நீருக்கு மேலே தாங்கிப் பிடித்துக்கொண்டு உடலை அதில் இறக்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: வெயிலில் கிடந்த கருப்பு ஓஸிலிருந்து முதலில் வருகிற தண்ணீர் கொதிநீராக இருக்கும். அதைத் தரையில் விட்டு, கையால் தொட்டுப் பார்த்த பிறகே நாயின் மேல் பிடிக்க வேண்டும். ஐஸ் வாங்கி வர ஆள் அனுப்பி நேரத்தை இழக்காதீர்கள். போர் தண்ணீரே போதும்.

நனைத்த சாக்கைப் போர்த்தியது நல்லெண்ணத்தில் செய்ததுதான், ஆனால் சில நிமிடங்களில் அந்தச் சாக்கே சூடேறி, காற்றைத் தடுத்து, வெப்பத்தை உள்ளேயே பிடித்துவைத்துக்கொள்ளும். ஈரச் சாக்கைத் தரையில் விரித்து அதன்மேல் படுக்க வைக்கலாம், சாய்ப்பில் காற்று வரும் பக்கம் திரையாகத் தொங்கவிடலாம், போர்த்தக் கூடாது. மயங்கிக் கிடக்கிற நாயின் வாயில் தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். நினைவு தெளிந்து தானாக நக்கிக் குடித்தால் குடிக்கட்டும். வீட்டில் ஒரு டிஜிட்டல் வெப்பமானி வைத்திருங்கள், தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்த்து, 103 டிகிரிக்கு இறங்கியதும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் வெப்பம் அளவுக்கு மீறிக் குறைந்துவிடும்.

காய்ச்சல் மாத்திரையை நாய்க்கோ பூனைக்கோ நீங்களாகக் கொடுக்கவே கூடாது என்பதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். காய்ச்சலில் மூளையே உடல் வெப்பத்தை உயர்த்தி வைக்கிறது, மாத்திரை அதைத் தணிக்கும். வெப்பத் தாக்கில் வெளியேற வழியில்லாமல் வெப்பம் தேங்குகிறது, அங்கே மாத்திரைக்கு வேலையே இல்லை. பாராசிட்டமால் நாயின் ஈரலைக் கெடுக்கும்; பூனையை ஒரே மாத்திரை கொன்றுவிடக்கூடும். மறுநாள் இரத்தமாகக் கழிந்ததற்கு, அனலில் குடலின் உட்சுவர் சிதைந்ததே பெரும்பாலும் காரணமாக இருந்திருக்கும். சிறுநீரகமும் இரத்தம் உறையும் தன்மையும் கெடுவது இரண்டு மூன்று நாள் கழித்தும் தெரியவரலாம். எனவே, எழுந்து வாலாட்டினாலும் அன்றே மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். உள்ளூர்க் கால்நடை மருந்தகத்தில் முதலில் காட்டி, அவர்கள் சொன்னால் திருநெல்வேலி அருகே இராமையன்பட்டியில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசெல்லுங்கள். ஒருமுறை விழுந்த நாய் மறுமுறையும் எளிதில் விழும் என்பதால், உங்கள் லேப்ரடாரிடம் கூடுதல் கவனம் தேவை.

முடியை மழிக்க வேண்டாம். லேப்ரடாரின் மேல்முடி வெயில் நேரடியாகத் தோலில் படாமல் காக்கிறது. உதிர்கிற உள்முடியை நாள்தோறும் சீப்பால் வாரி எடுத்துவிட்டால் காற்று உள்ளே போகும். தினமும் வெறும் தண்ணீரில் குளிப்பாட்டலாம், சோப்பும் ஷாம்பூவும் பதினைந்து நாளைக்கு ஒருமுறை போதும். காதைத் துடைத்து உலர வையுங்கள், தொங்கு காதில் ஈரம் தங்கினால் சீழ் பிடிக்கும்.

பழைய சோறும் நீராகாரமும் கொடுக்கலாம், ஆனால் உப்பும் மிளகாயும் சின்ன வெங்காயமும் சேராத பங்கை முதலிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும். வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். நாம் கடித்துக்கொண்டு மீதி வைத்த துண்டுகளைத்தான் பெரும்பாலும் அதன் தட்டில் தட்டுகிறோம். நீர்த்த மோர் ஒத்துக்கொண்டால் கொடுங்கள். வயிறு இளகினால் நிறுத்துங்கள். இளநீர் எப்போதாவது ஒரு கிண்ணம் போதும், தண்ணீருக்கு அது மாற்று ஆகாது. சாப்பாட்டை விடியலிலும் பொழுது சாய்ந்த பிறகும் வையுங்கள். கறி கலந்த சோறு இந்த வெயிலில் விரைவில் கெட்டுவிடும், தின்றது போக மீதியை உடனே எடுத்துவிடுங்கள்.

வெயில் காலத்தில் உண்ணியும் பெருகும். காது மடிப்பு, விரலிடுக்கு, அக்குள் ஆகிய இடங்களில் தினமும் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். நிழலில் கிடந்தும் நாய் பல நாள் சோர்ந்து, தீனி எடுக்காமல், ஈறு வெளுத்திருந்தால் அது வெயிலின் வேலை இல்லை. உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். முருங்கைக்குத் தெளிக்கிற பூச்சி மருந்தை நாயின் மேல் தேய்க்கிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மாட்டுக்கும் நாய்க்கும் பயன்படுகிற பைரெத்ராய்டு வகை உண்ணி மருந்துகள் பூனைக்கு நஞ்சு. மருந்து பூசிய நாயோடு உரசிப் படுத்தாலும் பூனைக்கு வலிப்பு வரக்கூடும்.

பூனை தன் இடத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் அது வாயைத் திறந்து நாயைப் போல் இரைக்கத் தொடங்கினால் உடனே குளிர வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். ஆண் பூனை தண்ணீர் குறைத்துக் குடித்தால் சிறுநீர் அடைத்துக்கொள்ளக்கூடும். அது கழிக்க வைத்திருக்கிற மண் தட்டில் போய் உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. லவ் பேர்ட்ஸ் கூண்டு சாளரத்து வெயிலிலும் மின்விசிறிக்கு நேர் கீழேயும் இருக்க வேண்டாம். குளிக்க ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வையுங்கள். சிறகை உடலிலிருந்து விலக்கி, அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் இடத்தை மாற்றுங்கள்.

கத்திரி தொடங்குமுன் இரண்டு நாய்களையும் மருந்தகத்துக்குக் கொண்டுபோய், எடை பார்த்து, வெறிநோய்த் தடுப்பூசியின் தவணை தாண்டியிருந்தால் போட்டுக்கொண்டு வாருங்கள். லேப்ரடாருக்குச் சென்ற ஆண்டு நேர்ந்ததையும் அப்போது மருத்துவரிடம் சொல்லி, சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனை ஒன்றும் செய்துவிடுங்கள். அன்றைக்கும் வெயில் ஏறுமுன் போய்வருவதுபோல் கிளம்புங்கள்.