விலை உயர்ந்த மடக்குக் கத்தியை முரட்டு வேலைக்கு எடுக்கலாமா? – கேள்வி பதில்

திருவொற்றியூரில் டூல் ரூம் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அக்கம்பக்கத்து நண்பர்கள் மடக்குக் கத்தி பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எந்தக் கடையில் விலை குறைவு என்ற கேள்விகளை விட்டுவிட்டேன்.

பாரிமுனை, பார்சல் கிடங்கு: அண்ணே, எஸ்30வி ஸ்டீல் கத்தி, 18,000 ரூபாய். அட்டைப்பெட்டி, பேக்கிங் பட்டை, சணல் கயிறு வெட்டினால் பாழாகிடுமா?

தாராளமாக வெட்டுங்க தம்பி, அதற்குத்தான் அந்த ஸ்டீல். கத்தி செய்யும் கிறிஸ் ரீவோடு கலந்து, கத்திக்கென்றே அமெரிக்காவின் குரூசிபிள் நிறுவனம் 2001-ல் கொண்டுவந்தது அது. அதில் 4 சதவீதம் வனேடியம். அது கார்பனோடு சேர்ந்து மிகக் கடினமான துகள்களாக ஸ்டீலுக்குள் நிற்கும். அட்டையில் கலந்திருக்கும் பொடி மண்தான் சாதாரணக் கத்தியை மழுக்குகிறது. உங்கள் கத்தி அதைத் தாங்கும். அலகில் கோடு விழும், பளபளப்பு போகும். அதற்காகப் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் கொடுத்த பணம்தான் வீண்.

ஆனால் ஒன்று. கடினம் வேறு, முறியாத உறுதி வேறு. 60 ராக்வெல் (கடினத்தை அளக்கும் அளவு) வரை பதம் ஏற்றிய மெல்லிய அலகைப் பக்கவாட்டில் அழுத்தினால் வளைந்து கொடுக்காது, முனை தெறிக்கும். மரப்பெட்டி மூடி, ஸ்டேபிள் பின், ஆணி எதையும் நெம்பாதீர்கள். பட்டைக்கு அடியில் செருகித் திருகவும் வேண்டாம். இழுத்து வெட்டுங்கள்.

மின்ட்: பெயிண்ட் டப்பா மூடி திறக்கலாமா சார்?

கூடாது. அதுவும் நெம்புவதுதான். திருப்புளி எடுங்கள்.

ராயபுரம்: டி2 ஸ்டீலில் 12 சதவீதம் குரோமியம் இருக்கே, எனக்கு மட்டும் ஏன் புள்ளி புள்ளியா துரு?

உங்களுக்கு மட்டும் இல்லை. டி2-வில் கார்பன் சுமார் 1.5 சதவீதம். குரோமியத்தில் கணிசமான பங்கை அந்தக் கார்பன் பிடித்து வைத்துக்கொள்ளும். துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. கடலோரத்தில் உப்புக்காற்று எப்போதும் உண்டு, சட்டைப் பையில் வியர்வை வேறு. தினமும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, மினரல் ஆயில் ஒரு சொட்டு பூசுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மடிப்பில் பிசுக்காகும்.

தண்டையார்பேட்டை: தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா?

அருவாமனைக்கும் காய்கறிக் கத்திக்கும் கொடுங்கள், அவர் கை நல்ல கை. இந்தக் கத்திக்கு வேண்டாம். உலர்ந்த சக்கரத்தில் மெல்லிய விளிம்பு நொடியில் சூடேறிப் பதம் இறங்கிவிடும். தவிர, வனேடியம் துகள் சாதாரணச் சாணைக்கல்லை விடக் கடினம். டயமண்ட் தகடு வாங்கி, பக்கத்துக்கு 20 டிகிரி சாய்த்து, நீங்களே நிதானமாகத் தீட்டுங்கள்.

காசிமேடு, விசைப்படகு: எங்க படகில் ரம்பப் பிளேடைத் தேய்த்துச் செய்த கத்திதான். கயிறு, வலை எல்லாம் வெட்டும். கடலில் விழுந்தாலும் கவலை இல்லை. 18,000 கொடுத்தவரால் என்ன கூடுதலாகச் செய்ய முடியும்?

படகில் அதுதான் சரியான கத்தி. மழுங்கினால் கல்லில் நாலு இழுப்பு, கூர் வந்துவிடும்.

பாரிமுனைத் தம்பி மறுபடி: அப்ப நான் ஏமாந்துட்டேனா? ஒரு ஷிப்டில் நூறு பெட்டி பிரிக்கிறேன், நடுவில் தீட்ட நேரமே கிடையாது!

காசிமேடு: ரெண்டு ரம்பக் கத்தி வெச்சுக்கோ தம்பி. ஒன்று மழுங்கினா இன்னொன்று.

இருவரும் வேறு வேறு வேலையைப் பேசுகிறீர்கள். அட்டை அளவுக்குக் கயிறு கத்தியின் கூர்மையைத் தின்னாது. கிடங்கில் ஒரு கையில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் திறந்து மூட, திறந்த அலகு தானாக மடங்காமல் பிடிக்கும் பூட்டுள்ள மடக்குக் கத்தி வேண்டும். உறையில்லாத ரம்பக் கத்தியைப் பாக்கெட்டில் போட்டால் தொடை கிழியும். ஆனால் காசிமேட்டு அண்ணன் சொல்வதில் ஒன்றை நான் முழுசாக ஏற்கிறேன்: தொலைந்தால் தூக்கம் போகும் என்றால், கடல் மேல் அந்தக் கத்தியை எடுக்கக் கூடாது. இருவருக்கும் நடுவில் விக்டோரிநாக்ஸ் இருக்கிறது, பல கருவிகள் மடங்கிய சுவிஸ் பாக்கெட் கத்தி. அலகு சுமார் 56 ராக்வெல்தான். அடிக்கடி தீட்ட வேண்டும், ஆனால் சுலபமாகத் தீட்டலாம், துருவும் எளிதில் அண்டாது. திருப்புளி தனியாகவே இருப்பதால் அலகை நெம்பத் தோன்றாது.

கொருக்குப்பேட்டை: ஓட்டிலிருந்து தேங்காய்ச் சில்லு எடுக்கலாமா?

மேலே இரண்டு முறை எழுதிவிட்டேன். நெம்பக் கூடாது.

வியாசர்பாடி: கோழி எலும்பு?

வெட்டுக்கத்தி.

மாதவரம்: 3 அங்குல மடக்குக் கத்தி, பாக்கெட்டில் வைத்திருந்தால் போலீஸ் பிடிக்குமா?

2016 ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுதப் பட்டியலில் வரும். வீடு, விவசாயம், தொழில் வேலைக்கென்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. உங்கள் கத்தி 3 அங்குலம். ஆனாலும் கூட்டத்துக்கும் கோர்ட்டுக்கும் கொண்டுபோகாதீர்கள். விமானத்தில் கைப்பையில் அனுமதியே இல்லை. இதற்கு மேல் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

பெரம்பூர்: அலகு இடவலமாக ஆடுகிறது. கத்தி போச்சா?

போகவில்லை. மடிப்புத் திருகை டார்க்ஸ் (நட்சத்திர முனை) பிட்டால் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கிப் பாருங்கள். பிறகு கத்தியைத் திறந்து, விரல்களை அலகின் பாதையில் வைக்காமல், அலகின் முதுகை ஒரு மரக்கட்டையில் லேசாகத் தட்டுங்கள். பூட்டு விடுபட்டால் அந்தக் கத்தியை வேலைக்கு எடுக்காதீர்கள், தயாரித்தவருக்கே அனுப்புங்கள்.