வெளியுறவுக் குழுக்கள் என்னதான் செய்கின்றன? கேள்விகளும் பதில்களும்

பல நாட்டு நாடாளுமன்றங்களின் வெளியுறவுக் குழு அறிக்கைகளை ரொம்ப காலமாகப் படித்துவருகிறேன். வந்த கேள்விகளுக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன். சிலவற்றுக்கு நீளமாக எழுதுவேன், சிலவற்றுக்கு ஒரு வரிதான் வரும், மன்னிக்கவும்.

கேள்வி: இந்தக் குழுவால் ஒரு போரை நிறுத்த முடியுமா? முடியாதென்றால் அது எதற்கு?

நிறுத்த முடியாது. படை, தூதரகம், பணம் எல்லாம் அரசின் கையில். குழுவால் செய்ய முடிந்தது கேள்வி கேட்பதும், பதிலைப் பதிவில் ஏற்றுவதும், பிறகு அந்தப் பதிலோடு நடந்ததை ஒப்பிட்டுப் பார்ப்பதும்தான். இது சின்ன விஷயமில்லை. லிபியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 மார்ச் 21 அன்று பிரிட்டனின் காமன்ஸ் சபை 557க்கு 13 என்ற வாக்கில் ராணுவ நடவடிக்கையை ஆதரித்தது. அன்று எதிர்த்துப் பேசியவர்களை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதே சபையின் வெளிவிவகாரக் குழு 2016 செப்டம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. பொதுமக்களுக்கு இருந்த ஆபத்தை அரசு சரியாகக் கணிக்கவில்லை, மக்களைக் காப்பதாகத் தொடங்கியது ஆட்சி மாற்றமாக நழுவிப்போனது, லிபியாவை ஆண்ட கடாஃபிக்குப் பிறகு என்ன என்பதற்குத் திட்டமே இல்லை என்று அது எழுதியது. பொறுப்பு 2011இல் பிரதமராக இருந்த டேவிட் கேமரூனுடையது என்று பெயர் சொல்லியே எழுதியது. குழுவில் ஆளுங்கட்சிக்காரர்கள்தான் அதிகம், தலைவரும் கேமரூனின் கட்சிக்காரர்தான் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். கேமரூன் நேரமில்லை என்று சொல்லி சாட்சியம் சொல்ல வரவில்லை, அதுவும் பதிவில் இருக்கிறது.

முடிவுக்கு முன்பே நெருக்கடி கொடுத்த உதாரணமும் உண்டு. 2015 நவம்பரில் இதே குழு, தெளிவான வியூகம் இல்லாமல் சிரியாவில் குண்டு வீசப் போகாதீர்கள் என்றது. பிரதமர் அந்த அறிக்கைக்குத் தானே எழுத்தில் பதில் தந்து சபையில் வந்து விளக்க வேண்டியதாயிற்று. கடைசியில் டிசம்பர் 2 அன்று 397க்கு 223 என்று அரசு வென்றது. ஆனாலும் அரசு தன் காரணங்களை வரிசைப்படுத்தி எழுதிக் கொடுத்தது குழு கேட்டதால்தான்.

கேள்வி: உறுப்பினர்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் 11 பேர், தலைவரை 2010 முதல் சபை முழுவதும் ரகசிய வாக்கில் தேர்ந்தெடுக்கிறது. கட்சிக் கொறடாவின் பிடி தளர்ந்தது அப்போதுதான். இந்தியாவில் மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10, ஆக 31 பேர். அமைச்சர்கள் இருக்கக் கூடாது. பதவிக்காலம் ஓராண்டு. எனக்கு இந்த ஓராண்டு விஷயம் உறுத்துகிறது, ஒரு பிராந்தியத்தைப் புரிந்துகொள்ளவே அவ்வளவு நாள் ஆகும்.

கேள்வி: ஒரு காணொளி பார்த்தேன், உறுப்பினர் கேட்ட கேள்வியில் அமைச்சர் திணறிவிட்டார். அரசு மாட்டிக்கொண்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். இதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்: இரண்டு நிமிடத் துண்டுக் காணொளியை வைத்து ஒரு விசாரணையை எடை போடாதீர்கள். திணறியவர் உண்மை பேசியிருக்கலாம், சரளமாகப் பேசியவர் மழுப்பியிருக்கலாம். உண்மையான சரக்கு பெரும்பாலும் எழுத்து மூலச் சாட்சியங்களில் கிடக்கிறது, அதைப் படிக்கத்தான் ஆளில்லை.

2021 ஆகஸ்டில் தாலிபான்களிடம் காபூல் விழுந்தபோது பிரிட்டன் வெளியுறவு அலுவலகம் எப்படி நடந்துகொண்டது என்ற விசாரணையில், அமைச்சர் விடுமுறையில் இருந்தது பற்றிய காணொளிகள்தான் பரவின. ஆனால் விஷயத்தைப் புரட்டிப்போட்டது அங்கே வேலை பார்த்த ஓர் இளநிலை அதிகாரி எழுதி அனுப்பிய சாட்சியம். உதவி கேட்டு ஆப்கானியர்கள் அனுப்பிய மின்னஞ்சல்கள் ஆயிரக்கணக்கில் திறக்கப்படாமல் கிடந்ததையும், ஒரு சனிக்கிழமை பிற்பகலில் அந்த அஞ்சல் பெட்டியைப் பார்க்கத் தான் ஒருவர் மட்டுமே இருந்ததையும் அவர் எழுதியிருந்தார். அவர் எழுதியிராவிட்டால் அந்த அறைக்குள் நடந்தது வெளியே வந்திருக்காது. 2022 மே மாதம் வந்த குழு அறிக்கை, துறையின் தலைமை அதிகாரி பதவியில் தொடர்வதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்ற அளவுக்குப் போனது.

கேள்வி: குழு சொன்னதை அரசு கேட்டே ஆக வேண்டுமா?

இல்லை. முதல் பதிலைப் பாருங்கள். பதில் சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான்: பிரிட்டனில் வழக்கமாக இரண்டு மாதம், இந்தியாவில் மூன்று மாதம்.

கேள்வி: ஒப்பந்தங்கள் விஷயத்தில் கூடவா குழுவுக்கு அதிகாரம் இல்லை?

இங்கேதான் அமெரிக்கா தனி. ஒப்பந்தத்துக்கு செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், அது செனட்டின் வெளியுறவுக் குழு வழியாகத்தான் சபைக்கு வரும். ஆகவே குழு எதையும் எதிர்த்து வாக்களிக்கவே தேவையில்லை, கிடப்பில் போட்டால் போதும். குழுவிலும் சபையிலுமாக இழுபட்டவை உண்டு: இனப்படுகொலை தடுப்பு ஒப்பந்தத்தை அதிபர் ட்ரூமன் 1949இல் அனுப்பினார், செனட் ஒப்புதல் தந்தது 1986இல். கடல் சட்ட ஒப்பந்தம் 1994இல் போனது, இன்னும் முழுச் சபையின் வாக்கெடுப்புக்கு வரவில்லை.

கேள்வி: இந்தியாவில் வெளியுறவுக் குழு (நிலைக்குழு என்பார்கள்) ஏன் மூடிய அறையில் கூடுகிறது? மறைக்க ஏதோ இருப்பதால்தானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. ஜெர்மனியிலும் வெளியுறவுக் குழு பெரும்பாலும் மூடிய அறையில்தான் கூடுகிறது. அங்கே அப்படி ஒரு குழு இருந்தே ஆக வேண்டும் என்று அரசியல் சாசனமே சொல்கிறது. கேமரா இல்லாத இடத்தில் உறுப்பினர்கள் கட்சிக்காகப் பேசுவது குறையும், அதிகாரிகளும் கொஞ்சம் மனம் திறப்பார்கள்.

மறுப்பு (முந்தைய கேள்வியாளர்): இது அதிகாரிகள் எப்போதும் சொல்லும் சாக்கு. மக்களுக்குத் தெரியாத விசாரணையால் மக்களுக்கு என்ன பயன்? வியட்நாம் போரைப் பற்றி அமெரிக்கர்கள் யோசிக்க ஆரம்பித்ததே தொலைக்காட்சியில் வந்த விசாரணையால்தான்.

உங்கள் உதாரணம் வலுவானது, ஒப்புக்கொள்கிறேன். 1966 பிப்ரவரியில் செனட்டர் ஃபுல்பிரைட் தலைமையிலான செனட் வெளியுறவுக் குழு நடத்திய விசாரணைகளில், சோவியத்தை மட்டுப்படுத்தும் கொள்கையை வகுத்த ஜார்ஜ் கென்னன் வந்து, வியட்நாமில் இவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கக் கூடாது என்று நாடே பார்க்கப் பேசினார். ஒரு தொலைக்காட்சி நிறுவனம் அதை ஒளிபரப்பாமல் பழைய நகைச்சுவைத் தொடரைப் போட்டது, அதன் செய்திப் பிரிவுத் தலைவர் பதவியையே விட்டு விலகினார்.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 2003 ஜூலை 15, ஈராக் ஆயுத விவகாரத்தில் டேவிட் கெல்லி என்ற ஆயுத நிபுணரை பிரிட்டன் குழு பொதுவில் விசாரித்தது. அவர் பேசிய குரல் கேட்கவில்லை என்று அந்த வெயில் நாளில் அறையின் மின்விசிறிகளை நிறுத்தினார்கள். எங்களைத் திசைதிருப்ப உங்களைப் பலியாக விட்டிருக்கிறார்கள், இல்லையா என்ற பொருளில் ஓர் உறுப்பினர் கேட்டார். மறுநாள் கெல்லி உளவு விவகாரக் குழு முன்னால் மூடிய அறையில் பேசினார். ஜூலை 18 அன்று அவர் இறந்து கிடந்தது தெரியவந்தது. அதற்கு இந்த விசாரணைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்று ஒரு மனிதரைக் கேமரா முன் உட்காரவைத்து வறுத்ததால் ஈராக் பற்றிப் புதிதாக என்ன தெரிந்தது? பதிவைப் படித்துப் பார்த்தேன், எனக்கு எதுவும் தென்படவில்லை.

இன்னொருவர்: அப்படியானால் எல்லாவற்றையும் மூடிவிடலாமா?

இல்லை, நான் சொல்வதைத் திரிக்காதீர்கள். மூடிய அறையின் ஆபத்துக்கும் வியட்நாமே சாட்சி. 1964 ஆகஸ்டில், வியட்நாமில் படையை இறக்க அதிபருக்கு அதிகாரம் தந்த டோன்கின் வளைகுடாத் தீர்மானம் செனட்டில் 88க்கு 2 என்று நிறைவேறியது, அதை முன்னின்று நடத்தியதே ஃபுல்பிரைட்தான். 1968இல் அதே குழுவின் மூடிய கூட்டங்களில் செனட்டர்கள், நம்மை ஏமாற்றிவிட்டார்களோ என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அந்தப் பதிவுகள் வெளிவந்தது 2010இல். இடையில் எத்தனை குடும்பங்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்தன! அதனால் என் நிலைப்பாடு: கொள்கை பற்றிய விசாரணை திறந்த அறையில், ஆட்களின் பெயரும் நடவடிக்கை விவரமும் வரும் விசாரணை மூடிய அறையில், மூடியதற்கும் வெளியிடும் தேதியை முன்கூட்டியே குறித்துவிட வேண்டும். தேதி குறிக்காத ரகசியம் அரசுக்குத்தான் வசதி.

இதே விவாதத்தில் இன்னும் பல கேள்விகள் வந்திருக்கின்றன, எல்லாமே மேலே சொன்னதைத்தான் கேட்கின்றன. அவற்றை விட்டுவிடுகிறேன்.

கேள்வி: அமைச்சர் வராவிட்டால் கைது செய்ய முடியுமா?

பிரிட்டனில் குழு தனியாக எந்த எம்.பி.யையும் கட்டாயப்படுத்த முடியாது, சபை முழுவதும் உத்தரவிட வேண்டும். இந்தியாவில் அமைச்சரை அழைத்து விசாரிக்கும் வழக்கமில்லை, வெளியுறவுச் செயலரும் அதிகாரிகளும்தான் வருவார்கள்.

கேள்வி: இப்போது நடக்கும் போரில் யார் பக்கம் நியாயம்?

அதற்கு இது இடமில்லை.

கேள்வி: வேறொரு காணொளியின் இணைப்பு கீழே. இதில் அதிகாரி பொய் சொல்கிறார்தானே?

மறுபடியும் காணொளி. முழுப் பதிவைப் படியுங்கள், அப்புறம் அரசின் எழுத்துப் பதிலைப் படியுங்கள். பரிந்துரையைக் "கவனத்தில் கொள்கிறோம்" என்று எழுதியிருந்தால் எதுவும் செய்யப்போவதில்லை என்று பெரும்பாலும் அர்த்தம். தேதியோ தொகையோ போட்டு எழுதியிருந்தால் ஏதோ நகர்கிறது.

கேள்வி: எங்கள் அமைப்பு ஒரு நெருக்கடிப் பகுதியில் வேலை செய்கிறது. பிரிட்டன் குழுவுக்கு நாங்கள் சாட்சியம் அனுப்பலாமா?

தாராளமாக. இன்றைக்கு வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். குழு விசாரணையை அறிவிக்கும்போது எந்தெந்தக் கேள்விகளுக்குச் சாட்சியம் வேண்டும் என்று பட்டியல் தரும், அதற்குள் நில்லுங்கள். நீங்கள் நேரில் கண்டதை முதலில் எழுதுங்கள், கேள்விப்பட்டதைத் தனியாக வையுங்கள், பத்திகளுக்கு எண் போடுங்கள். அரசு என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் தெளிவாகச் சொல்லுங்கள், உறுப்பினர்கள் கேள்வி தயாரிக்க அதைத்தான் தேடுவார்கள். ஏற்கெனவே வேறெங்காவது வெளியிட்டதை அப்படியே அனுப்பாதீர்கள், அனுப்பியதைக் குழு வெளியிடும் முன் நீங்கள் வெளியிடவும் கூடாது. குழு ஏற்று வெளியிட்ட சாட்சியத்துக்கு நாடாளுமன்றச் சிறப்புரிமைப் பாதுகாப்பு உண்டு (அதாவது அதை வைத்து உங்கள் மேல் வழக்குப் போட முடியாது), ஆனால் அந்தப் பாதுகாப்பு பிரிட்டனுக்குள்தான். உங்கள் ஆட்கள் களத்தில் இருக்கிறார்கள் என்றால் பெயர், ஊர், வேலை எதையும் சாட்சியத்துக்குள்ளேயே எழுதாதீர்கள். பெயரை மறைக்கச் சொல்லும் வேண்டுகோளை அனுப்பும்போதே குழுச் செயலருக்குத் தனியாக எழுதுங்கள், வெளியான பிறகு திரும்பப் பெற முடியாது.