வாரக்கடைசிப் பட்டறை: வாசகர் கேள்விகள், எங்கள் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இ30 என்ற பழைய பி.எம்.டபிள்யூ மாடல் பற்றியவை. வியப்பில்லை. டர்பனில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு வீட்டுக் கராஜிலாவது துணி போர்த்திய ஒன்று நிற்கிறது.

எட்டு வருடமாக ஓடாமல் நின்ற 1991 மாடல் இ30 325 ஐ.எஸ். வண்டியை மாமா எனக்குக் கொடுத்துவிட்டார். எஞ்சின் இறுகவில்லை என்கிறார். புது பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?
– பீனிக்ஸ் வாசகர்

கூடாது. சாவியை வீட்டுக்குள் மாட்டிவிட்டு வாருங்கள். பி.எம்.டபிள்யூவின் ரோஸ்லின் தொழிற்சாலையில் தென்னாப்பிரிக்காவுக்கென்றே செய்த 2.7 லிட்டர் எஞ்சின் அது. அது சேர்ந்த எம்20 வகை எஞ்சின்களில் டைமிங் பெல்ட் (பிஸ்டனை ஓட்டும் கிராங்க்கையும் வால்வைத் திறக்கும் கேமையும் சேர்த்துச் சுற்றும் பட்டை) அறுந்தாலோ பல் தாண்டினாலோ பிஸ்டன் வால்வில் மோதும். நின்றே கிடந்த பெல்ட் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ரப்பர் காய்ந்திருக்கும். ஸ்டார்ட்டர் சுற்றும் அந்த இரண்டு நொடியே அதற்குப் போதும்.

முதலில் ஆறு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு ஒரு நாள் விடுங்கள். மறுநாள் கிராங்க் முனையில் சாக்கெட் வைத்து, வண்டியின் முன்னால் நின்று பார்க்கும்போது கடிகார முள் திசையில், கையால் மெல்லச் சுற்றுங்கள். எங்காவது இறுக்கமாக நின்றால் வலுக்கட்டாயம் வேண்டாம். இன்னும் கொஞ்சம் ஆயில் விட்டு இன்னொரு நாள் பொறுங்கள்.

கையால் இரண்டு சுற்று தடையில்லாமல் வந்த பிறகு பெல்ட் வேலை. ஃபேனைப் பிடித்திருக்கும் 32 மில்லிமீட்டர் நட்டு இடப்புரி. வழக்கத்துக்கு மாறாகக் கடிகார முள் திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் சுத்தியலால் அடித்து வாட்டர் பம்ப் தண்டையே வளைத்தவர்கள் உண்டு. ஃபேனும் பெல்ட் கவரும் வந்ததும் முதல் சிலிண்டரின் பிஸ்டனை மேல்நிலைக்குக் கொண்டு வாருங்கள்: கேம் சக்கரத்தின் அம்பு சிலிண்டர் ஹெட்டில் வார்த்திருக்கும் கோட்டுக்கு நேர், கிராங்க் குறி அதன் குறிக்கு நேர். பெல்ட், டென்ஷனர், அதன் ஸ்பிரிங், வாட்டர் பம்ப், 80 டிகிரி தெர்மோஸ்டாட் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். பம்பை மிச்சம் பிடித்தால் அது கசியும் நாளில் புது பெல்ட்டையும் கழற்ற வேண்டி வரும்.

டென்ஷனரைக் கடப்பாரை போட்டு நெம்பி இறுக்குகிறவர்கள்தான் அதிகம். தேவையே இல்லை. பெல்ட்டை மாட்டி, டென்ஷனரின் இரண்டு போல்ட்டையும் லேசாகத் தளர்த்தி ஸ்பிரிங்கை அதன் போக்கில் இழுக்க விடுங்கள். எஞ்சினைக் கையால் கடிகார முள் திசையில் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மீண்டும் சேர்ந்ததைப் பார்த்த பிறகு போல்ட்டுகளை 22 நியூட்டன் மீட்டரில் இறுக்குங்கள். ஒரு பல் தள்ளி நின்றால் மறுபடி கழற்றிப் போடுவதுதான் வழி. ‘ஓடிப் பார்க்கலாம்’ என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

வால்வு கவரையும் திறந்து வால்வு இடைவெளியைப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் 0.25 மில்லிமீட்டர். அதே வெளிச்சத்தில் வால்வைத் தள்ளும் ராக்கர் ஒவ்வொன்றிலும் விரிசல் இருக்கிறதா என்று விரல் வைத்துத் தடவுங்கள். பிளக் வயர் மாற்றி மாட்டிவிடாதீர்கள்: எரியும் வரிசை 1-5-3-6-2-4.

டாங்க் பெட்ரோல் இதற்குள் வார்னிஷ் ஆகியிருக்கும். முழுவதும் இறக்கி, டாங்கின் அடியில் வண்டல் பார்த்து, ஃபில்டரையும் ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றுங்கள். இன்ஜெக்ஷனுக்கான உயர் அழுத்த ஹோஸ்தான் வேண்டும். கார்புரேட்டர் வண்டிக்குப் போடும் மலிவு ஹோஸ் 3 பார் அழுத்தத்தில் சூடான எக்ஸாஸ்ட் பக்கம் வெடித்தால் வண்டியோடு கராஜும் எரியும். இன்ஜெக்டர்களை மேசைமேல் வைத்துத் தெளிப்பு பார்த்துச் சுத்தம் செய்யும் கடையில் கொடுத்து வாங்குங்கள்.

கூலன்ட் ஊற்றும்போது காற்று அடைபடுவது இந்த எஞ்சினின் பெரிய சங்கடம். ஹெட் வளைவதும் விரிசல் விடுவதும் பெரும்பாலும் இதனால்தான். முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் ஹவுசிங்கின் மேல் இருக்கும், காற்றை வெளியேற்றும் பிளீட் ஸ்குரூவைத் திறந்துவிட்டு மெல்ல ஊற்றுங்கள். சுமார் பத்தரை லிட்டர் பிடிக்கும். பாதி கூலன்ட், பாதி காய்ச்சி வடித்த தண்ணீர். குமிழி நின்று தொடர்ந்து நீர் வந்த பிறகே ஸ்குரூவை மூடுங்கள். ஹவுசிங் அலுமினியம், இறுக்கிப் பிடித்தால் மரை போகும்.

கடைசியாக, பிளக் இல்லாமல், கூடவே பெட்ரோல் பம்ப் ரிலேயையும் கழற்றிவைத்து, ஆயில் பிரஷர் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். அதற்குப் பிறகுதான் பிளக்கும் ரிலேயும் மாட்டி வண்டியை ஸ்டார்ட் செய்வது.

மெரிபேங்கில் வீடு. கண்ணாடிக்குக் கீழேயும் கதவுக்கு அடியிலும் பெயின்ட் கொப்பளமாக எழும்பியிருக்கிறது. தேய்த்துவிட்டு ரஸ்ட் கன்வர்ட்டர் அடித்து, ஃபில்லர் போட்டுப் பெயின்ட் அடித்தால் போதுமா?

ஒரு வருடத்துக்குப் போதும். கொப்பளம் வெளியே தெரியும்போது துரு உள்ளிருந்து வந்து முடித்துவிட்டது என்று அர்த்தம். கடல் காற்று அடிக்கும் பக்கம் இது இன்னும் வேகம். இ30 வண்டியில் பார்க்க வேண்டிய இடங்கள்: முன் கண்ணாடி ரப்பருக்கு அடி, பேட்டரித் தட்டு, சன்ரூஃப் வடிகுழாய் முடியும் இடம், ஜாக் வைக்கும் இடம், பின் விளக்குகளைச் சுற்றி, ஸ்பேர் வீல் பள்ளம். வடிகுழாய் அடைத்திருந்தால் மற்ற வேலையெல்லாம் வீண். அதில் ஒரு கோப்பை தண்ணீர் விட்டு, கீழே வருகிறதா, கார்ப்பெட்டுக்குள் போகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒரு ஸ்குரூ டிரைவரின் பின்முனையால் தட்டிக்கொண்டே போங்கள். டங் என்று வரும் இடம் தகடு. மந்தமான சத்தம் வரும் இடம் ஃபில்லர் அல்லது துரு. அந்த எல்லையிலிருந்து இரண்டு விரல் தள்ளி, துருவில்லாமல் பளபளக்கும் தகடு தெரியும் இடம்வரை வெட்டுங்கள். குறைவாக வெட்டினால் மெலிந்த தகடு வெல்டிங் சூட்டில் உருகி ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். ஒட்டுத்துண்டு 0.8 முதல் 1 மில்லிமீட்டர் மைல்டு ஸ்டீல், மிக் வெல்டரில் 0.6 கம்பி. தொடர்கோடு போடாதீர்கள்: தகடு சூட்டில் நெளிந்துவிடும். எதிரெதிர் மூலைகளில் ஒவ்வொரு புள்ளியாக வைத்து, தொட்டால் சுடாத வரை ஆறவிட்டு, இடையை நிரப்புங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி கேபிளைக் கழற்றுங்கள், அல்டர்னேட்டர் வயரையும். பெட்ரோல் லைனும் டாங்கும் பக்கத்தில் இருந்தால் அவற்றை இறக்காமல் அந்த வேலையைத் தொடவே கூடாது. கையில் ஒரு வாளித் தண்ணீர் போதாது, தீயணைப்பான் வேண்டும்.

ரஸ்ட் கன்வர்ட்டருக்கு வேலை இல்லாமலில்லை. தகடு கெட்டியாக இருந்து மேற்பரப்பு மட்டும் புள்ளி புள்ளியாக அரித்திருந்தால், வெந்நீரால் உப்பைக் கழுவி, முழுவதும் உலர்த்தி, பிறகு போடலாம். பொத்தல் விழுந்த தகட்டின் மேல் அது வெறும் கறுப்பு மை. வெல்டிங் மேல் எபாக்சி பிரைமர், மூட்டுகளில் சீம் சீலர், ஃபில்லர் வேண்டுமென்றால் எபாக்சிக்கு மேல் மிக மெல்லியதாக. ஃபில்லர் தண்ணீரை உறிஞ்சும் பொருள். வெறும் தகட்டில் தடித்துப் போட்டுவிட்டு மழையில் விட்டால் அதுவே துருவுக்குத் தண்ணீர்த் தொட்டி.

பெயின்ட்டை வீட்டில் அடிப்பதாக இருந்தால் எங்கள் ஆலோசனை: வேண்டாம். இரண்டு பாகமாகக் கலந்து அடிக்கும் டூ-பேக் பெயின்ட்டின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் உண்டு, நுரையீரலுக்குக் கேடு. மலிவு முகமூடி அதைத் தடுக்காது. வெளியிலிருந்து காற்று கொடுக்கும் முகமூடி வேண்டும். பிரைமர் வரை நீங்கள், பெயின்ட் வேலை பேனல் பீட்டரிடம் (வண்டித் தகடு, பெயின்ட் வேலை செய்பவரிடம்). எப்படியானாலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான வறண்ட மாதங்களைத் தேர்ந்தெடுங்கள். டர்பன் கோடைக்காலப் புழுக்கத்தில் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிகிறது. தகட்டின் வெப்பம் பனிநிலையை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையை) விட குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும் என்பது விதி. பெயின்ட் நன்றாகக் காய்ந்த பிறகு கதவு, ‘சில்’ (கதவுக்கு அடியில் ஓடும் பெட்டிச் சட்டம்) இரண்டின் உள்ளேயும் வேக்ஸ் பீய்ச்சுங்கள். முன்னால் பீய்ச்சினால் பெயின்ட் ஒட்டாது.

ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு ஸ்கிராப் யார்டில் ரீமேப் செய்த (கணினிச் சிப்பை மாற்றி எழுதிய) எஞ்சின் வாங்கிப் பக்கி என்ற பிக்கப் வண்டியில் கொண்டு வந்து என் இ30-இல் மாட்டினேன். அங்கே நன்றாக ஓடியதாம். இங்கே ஃபீல்ட்ஸ் ஹில் ஏறும்போது எஞ்சினுக்குள் ஆணி குலுக்குவது போலச் சத்தம்.
– சாட்ஸ்வொர்த் வாசகர்

அந்தச் சத்தம் நாக்கிங். அழுத்தி ஏறுவதை உடனே நிறுத்துங்கள்; கால் எடுத்து, கியரைக் குறைத்து ஏறுங்கள். ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் இங்கிருப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்தால் சிலிண்டரில் அழுத்தமும் குறைவு, அதனால் அங்கே 93 ஆக்டேன் பெட்ரோலே போதும், இக்னிஷனையும் முன்தள்ளலாம். அதே சிப்பை மலையிறக்கி டர்பனுக்குக் கொண்டு வந்தால் சிலிண்டர் முழுக்கக் காற்று அடைக்கிறது. எரிப்பு தானாகவே முந்திக்கொண்டு வெடிக்கிறது. மோட்ரானிக் என்ற எஞ்சின் கணினி வைத்த எம்20 எஞ்சினில் நாக் சென்சார் இல்லை. கணினி கேட்டுத் திருத்திக்கொள்ளாது. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

முதலில் டாங்கில் 95 ஊற்றுங்கள். கம்பெனி சிப்பைத் திரும்பப் போட்டுச் சத்தம் போகிறதா என்று பாருங்கள். பிளக்கைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பீங்கானைப் பாருங்கள்: மிளகுத்தூள் தூவியது போன்ற புள்ளியோ, பளபளக்கும் அலுமினியப் பொட்டோ இருந்தால் பிஸ்டன் தேய ஆரம்பித்துவிட்டது. அப்போது கம்ப்ரஷன் டெஸ்ட் பார்க்காமல் ஓட்டக் கூடாது. எல்லாம் சரியென்றால், ரீமேப்பை இந்த ஊரில், 95 பெட்ரோலில், எஞ்சின் சக்தியை அளக்கும் டைனோவில் வைத்துச் செய்யச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இது பலர் மறப்பது. எஞ்சின் எண் மாறினால் காவல்துறை கிளியரன்ஸ் வாங்கி, பதிவு அலுவலகத்தில் புது எண்ணைப் பதிய வேண்டும். ஸ்கிராப் யார்டு ரசீதில் எஞ்சின் எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத ரசீது ரசீதே அல்ல. திருட்டு வண்டியின் எண் என்று தெரிந்தால் எஞ்சினையே பறிகொடுக்க நேரலாம். வண்டியை அடுத்தவர் பெயருக்கு மாற்றும் நேரத்தில் ரோட்வொர்தி சான்று வேண்டும். அது 60 நாள்தான் செல்லும். கடைசி நேரத்தில் ஓடாதீர்கள்.

என் கோல்ஃப் ஜி.டி.ஐ. காலையில் ஒரே அடியில் எடுக்கிறது. கடைக்குப் போய் அரைமணி நேரம் கழித்து வந்தால் எடுக்கவே மாட்டேன் என்கிறது.
– டோங்காட் வாசகர்

உங்கள் வண்டியில் உள்ள கே-ஜெட்ரானிக் பெட்ரோல் இன்ஜெக்ஷனின் பழைய நோய். எஞ்சின் நின்ற பிறகும் லைனில் அழுத்தம் தங்கியிருக்க வேண்டும். தங்காவிட்டால் எஞ்சின் சூட்டில் பெட்ரோல் லைனுக்குள்ளேயே ஆவியாகிறது, பிறகு ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஆவிதான் போகிறது. ஓடும்போது சுமார் 5 பார் வருகிறதா என்று கேஜ் வைத்துப் பாருங்கள். எஞ்சினை நிறுத்தியதும் ஊசி சரிந்தால் சந்தேகம் மூன்று இடத்தில்: பம்பின் ஒருவழி வால்வு, பம்ப் அருகில் இருந்து அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் அக்யூமுலேட்டர், ஒழுகும் இன்ஜெக்டர். அக்யூமுலேட்டரின் பின் குழாயைக் கழற்றுங்கள், அங்கிருந்து பெட்ரோல் வந்தால் உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்தது. மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஒரு வேண்டுகோள்: காற்று-பெட்ரோல் கலவையைத் திருத்தும் 3 மில்லிமீட்டர் ஆலன் ஸ்குரூவைத் தொடாதீர்கள். நோய் அங்கே இல்லை. ஆலன் கீ உள்ளே இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் காற்றை அளக்கும் மீட்டர் தட்டு வளைந்து வேறொரு வேலை பிறக்கும்.

இ30 வண்டியில் டெம்பரேச்சர், பெட்ரோல் முள் இரண்டும் தானாக ஆடுகின்றன.

டாஷ்போர்டில் உள்ள எஸ்.ஐ. (சர்வீஸ் காட்டி) போர்டில் ஈயம் வைத்து ஒட்டிய ரீசார்ஜ் பேட்டரிகள் இருக்கும். அவை ஒழுகி போர்டை அரிக்கும். சீக்கிரம் கவனித்தால் பேட்டரி மட்டும் மாற்றலாம்; தாமதித்தால் போர்டே போகும்.

லெனேசியா வாசகர்: கேம், பெரிய எக்ஸாஸ்ட், 17 அங்குல வீல் மூன்றும் முதலில் வாங்கிவிட்டேன். எதை முதலில் மாட்டுவது?

மூன்றையும் அலமாரியில் வைத்து, பிரேக்கை மாட்டுங்கள். நின்ற வண்டியின் கேலிபர் பிஸ்டன்கள் இறுகியிருக்கும். ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கிப் பிரேக்கை விடாமல் பிடிக்கும். டாட் 4 பிரேக் ஃப்ளூயிட் புதிதாக ஊற்றி, காற்றை வெளியேற்றப் பிளீட் செய்யும்போது பெடலைத் தரைவரை மிதிக்காதீர்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரின் ஆழப்பகுதியில் துரு இருக்கும், சீல் அங்கே போய் உரசிக் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. டயர் பள்ளம் ஆழமாக இருந்தாலும் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். ‘1409’ என்றால் 2009-இன் 14-ஆவது வாரம், அந்த டயருடன் ஃப்ரீவேக்குப் போகாதீர்கள்.

முதல் ஓட்டத்துக்கு முன் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறவர்கள் வைக்கட்டும். வீல் போல்ட்டை 100 நியூட்டன் மீட்டரில் டார்க் ரெஞ்சால் இறுக்கிவிட்டு வைக்கட்டும், 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை பார்க்கட்டும். கேம் பற்றிய உங்கள் கேள்விக்கு அடுத்த இதழில், அதற்குள் கேமின் மேல் உள்ள எண்ணை எழுதி அனுப்புங்கள்.